ஜன்னல் பிளைண்டை வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

புதிய அடுக்ககத்துக்குக் குடிவந்திருக்கிறோம். மேற்குப் பார்த்த வரவேற்பறை ஜன்னலுக்கு இணையத்தில் ஒரு ரோலர் பிளைண்ட் (குழாயில் சுருளும் துணித் திரை) வாங்கினேன். அதன் அகலம் 48 அங்குலம். ஜன்னல் திறப்போ மேலே 44, கீழே 43¾ அங்குலம்தான். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. படுக்கையறைக்கு வாங்கிய அலுமினிய வெனிஷியன் பிளைண்ட் (கயிற்றில் கோத்த கிடைப்பட்டிகளால் ஆன திரை) அகலத்தில் சரி, நீளம் ஓர் அடி அதிகம். இரண்டையும் வீட்டிலேயே வெட்டலாமா? மாமனார் கத்தரியோடு தயாராக நிற்கிறார்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கத்தரியை முதலில் வாங்கி உள்ளே வையுங்கள். ரோலர் பிளைண்டை ஏன் வெட்டவேண்டும்? திறப்புக்குள் மாட்டினால், பிடிமானங்களுக்கு இடம் விட்டுத் துணி இருபுறமும் அரை அங்குலத்துக்கு மேல் குறைவாகவே நிற்கும். அந்த இடுக்கில் உங்கள் மாலை வெயில் முழுவதும் உள்ளே வரும். சுவரின் மேல், திறப்புக்கு வெளியே மாட்டினால் 48 அங்குலம் உங்களுக்கு லாபம்தான். ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல் என்பதால் ஹாமர் டிரில் வேண்டியிருக்கும், அவ்வளவே. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

பக்கத்தில் அலமாரி இடிக்கிறது, வெட்டியே ஆகவேண்டும் என்றால் சிறிய அளவே கணக்கு: 43¾. தச்சர் கணக்கில் அதில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் கழியுங்கள். மீதி 43½. எனவே எடுக்கவேண்டியது 4½ அங்குலம். பெட்டியில் உள்ள 48 பிடிமானங்களையும் சேர்த்த அளவா என்று டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். துணியின் அளவு மட்டும் என்றால் இந்தக் கணக்கு மாறும்.

பலர் சறுக்குவது இங்கேதான். குழாய், துணி, அடிச்சட்டம் மூன்றிலும் அதே 4½ அங்குலம் குறையவேண்டும். துணியைக் குழாயைவிட அகலமாக விட்டுவிட்டால் அது பிடிமானத்தில் உரசிக் கிழியும். சங்கிலி இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். மறுபக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு அங்கே அறுங்கள். குழாய்க்கு ஆக்சா பிளேடு போதும், பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். துணியைச் சுருளாக வைத்து ஒருபோதும் வெட்டாதீர்கள். குழாயிலிருந்து பிரித்துத் தரையில் விரித்து, மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெளிச்சத்தை மறைக்கப் பூச்சு கொடுத்த பிளாக்-அவுட் துணியில் ஓர நூல் பிரியாது. நெய்த துணி என்றால் ஓரத்தில் மெல்லிய பசை தடவவேண்டும்.

திரும்ப ஒட்டும்போது துணி குழாய்க்குச் சரியான செங்கோணத்தில் இருக்கவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சுருட்டச் சுருட்ட ஒரு பக்கமாக ஓடும். அப்படி ஓடினால் முழுவதும் இறக்கி, ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குழாயில் சிறு டேப் துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெனிஷியனில் எதையும் அறுக்கவேண்டாம். அடிச்சட்டத்தின் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடிகளைப் பிடுங்கினால் கயிற்று முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை மேலே இழுத்து, மிகையான பட்டிகளை உருவிவிட்டு, அடிச்சட்டத்தை ஏணிக்கயிற்றின் (பட்டிகளைத் தாங்கும், ஏணி போன்ற கயிறு) புதிய படியில் செருகி மறுபடி முடிச்சிடுங்கள். மிச்சக் கயிற்றை வெட்டுவதற்கு முன் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். உருவிய பட்டிகளில் நாலைந்தைப் பத்திரப்படுத்துங்கள். அலுமினியம் ஒருமுறை மடங்கினால் நிமிராது.

வீட்டில் குழந்தை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், தொங்கும் சங்கிலி வளையம் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் பிடி பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். மாமனாரை அதைத் திருகச் சொல்லுங்கள்.