42-இல் 35 போனால் எவ்வளவு?

(முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர், 39 வயதில் ஓடத் தொடங்கி 17 மாரத்தான்களை முடித்தவர். நெடுந்தூர ஓட்டம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: டீச்சர், எனக்கு 34 வயது. அண்மையில் முதல் மாரத்தான் ஓடினேன். பயிற்சியில் 10 கிலோமீட்டருக்கு 65 நிமிடம் எடுப்பவள், அன்று 54 நிமிடத்தில் கடந்துவிட்டேன். அவ்வளவு மகிழ்ச்சி! 32-ஆவது கிலோமீட்டரில் கால் நகரவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. நடந்துதான் முடித்தேன். ‘உனக்கு மனவலிமை போதாது’ என்கிறார் கூட ஓடும் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார். உங்களுக்குத் தீர்ந்துபோனது சர்க்கரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், பழக்கதோஷம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓடினால் 2,500-ஐத் தாண்டிவிடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரையோ சுமார் 2,000 கலோரி. வகுத்தால் 33 வருகிறது. கொழுப்பும் எரியும் என்பதால் கணக்கு இவ்வளவு கறாராக இராது. ஆனால் கொழுப்பு நின்று எரிகிற விறகு. வேகம் கூடக்கூட உடம்பு கிளைக்கோஜனைத்தான் கேட்கும். 65 நிமிடக் கால்களை 54-க்கு விரட்டினீர்களே, அந்த 11 நிமிடத்தை உடம்பு 32-இல் வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

அழுகைக்கு வருகிறேன். மூளையும் சர்க்கரையை நம்பியிருக்கிற உறுப்புதான். என் மூன்றாவது மாரத்தானில் ‘35’ என்ற பலகையைக் கடந்தேன். இன்னும் எவ்வளவு? 42-இல் 35 போனால்... விடை வரவில்லை. விரல்விட்டு எண்ணினேன், ஒன்பது. மறுபடி எண்ணினால் ஐந்து. எத்தனையோ பிள்ளைகளைக் கழித்தல் தெரியவில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றியவள், நடுச்சாலையில் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த தண்ணீர் மேசையில் இரண்டு கோப்பை இனிப்புப் பானம் குடித்துவிட்டு நடந்தேன். கால் மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே ‘ஏழு’ என்று தோன்றியது. அதற்குள் மீதி ஆறாகிவிட்டிருந்தது.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் தவறான பக்கம் திரும்பினார். திரும்பத் திரும்ப விழுந்தார். வெயிலும் சேர்ந்துகொண்ட நாள் அது. அதிகாரிகள் தாங்கிப் பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அந்த உதவிக்காகவே தகுதி நீக்கமும் செய்யப்பட்டார். அவருக்கும் மனவலிமை போதாது என்பாரா உங்கள் நண்பர்?

அடுத்த முறை முதல் 10 கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தைவிடச் சற்று மெதுவாகவே ஓடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, களைப்பு வருவதற்கு முன்பிருந்தே உள்ளே போகட்டும். ஓடும்போது விழுங்கும் இனிப்புக் கூழான ஜெல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைப் பயிற்சி நாளிலேயே சோதித்துவிடுங்கள். போட்டியன்று சோதித்தவள் நான். அந்தக் கதை பத்திரிகைக்கு ஆகாது.

மனதுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. 2-ஆவது கிலோமீட்டரில் கூட்டமே உங்களை முந்திக்கொண்டு போகும்போது ‘போகட்டும்’ என்று விடுவதற்குத்தான் மனவலிமை வேண்டும். எனக்கு அது வருவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு கால்நகங்கள் கறுத்துவிட்டன. பயமாக இருக்கிறது.

பதில்: ஷூவின் முனையில் விரல் ஆயிரக்கணக்கான முறை இடித்து, நகத்துக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். கால் வீங்கும் என்பதை மனதில் வைத்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கிற ஷூ வாங்குங்கள். நகம் விழுந்தாலும் முளைக்கும். பெருவிரல் என்றால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சீழோ விண்விண்ணென்ற வலியோ இருந்தால், அல்லது இடிபடாமலே கறுத்திருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐந்தரை மணி நேரம் ஓடினேன். தண்ணீர் மேசை ஒன்றைக்கூட விடவில்லை. முடிவில் தலைவலி, குமட்டல். மோதிரம் விரலை இறுக்கியது. இன்னும் குடித்திருக்க வேண்டுமோ?

பதில்: ஐயோ, வேண்டாம்! மோதிரம் இறுகியது என்றதுமே எனக்குத் திக்கென்றது. அளவுக்கு மீறிக் குடித்தால் விரல் வீங்கும், ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் இது அதிகம். மெதுவாக ஓடும் நம்மைப் போன்றவர்களுக்குக் குடிக்க நேரம் நிறைய இருக்கிறதல்லவா! தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போனால் உடனே மருத்துவமனை. இன்னொன்று: ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை விழுங்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.

கேள்வி: 25 கிலோமீட்டருக்குப் பிறகு எங்காவது வலிக்கத்தான் செய்கிறது. எந்த வலிக்கு நிற்பது?

பதில்: இரண்டு தொடையும் சேர்ந்து கனத்தால் அது களைப்பு, ஓடலாம். ஒரு விரலால் ‘இதோ இங்கே’ என்று எலும்பைத் தொட்டுக் காட்ட முடிந்தாலோ, வலிக்காக நடை கோணினாலோ நின்றுவிடுங்கள். என் இடது முழங்காலுக்குக் கீழே அப்படி ஒரு புள்ளி, 28-ஆவது கிலோமீட்டரில். பதக்க ஆசையில் மேலும் 14 ஓடினேன். எலும்பில் மயிரிழை விரிசல். நான்கு மாதம் ஓட்டமில்லை. பதக்கம் எங்கே வைத்தேன் என்பதுகூட நினைவில்லை.

நெஞ்சுவலி, தள்ளாட்டம், குழப்பம் என்றால் யோசிக்கவே கூடாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் தள்ளாடியபடியே கடைசிச் சுற்றை முடித்ததை இன்றும் கைதட்டிப் பார்க்கிறோம். அவருக்கு வியர்ப்பதைப் பார்த்து, உடம்பு இன்னும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று விட்டுவைத்த மருத்துவர்கள் பக்கத்திலேயே நடந்தார்கள். உங்கள் பக்கத்தில் யார் நடப்பார்கள்? ஆனால் ஓட்டத்தில் வெப்ப வாதம் (உடம்புச் சூடு கட்டுமீறும் ஆபத்து) வந்தவர்கள் வியர்க்க வியர்க்கவே விழுவதும் உண்டு.

கேள்வி: 17 மாரத்தான்களில் உங்களுக்கு மிகக் கடினமாக இருந்த இடம் எது?

பதில்: மறுநாள் காலை மாடிப்படி. ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டபடியே உடம்பைத் தாங்க வேண்டும். முந்தைய நாள் அடிபட்டதும் அதே வேலையில்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாம் நாள் இன்னும் மோசமாக இருக்கும்.