வாசகர் கேள்வி: தம்பி சேர்ந்த சமயமும் இணையம் சொல்வதும்

கேள்வி: கனடாவில் இருக்கிற தம்பி சயன்ரோலொஜி என்ற சமயத்தில் சேர்ந்து, காசு கட்டி வகுப்புக்குப் போகிறான். கூகிளில் தேடினேன், ஒரே திட்டாக இருக்கிறது. அவனைக் கேட்டால் எல்லாம் எங்களைப் பிடிக்காதவர்கள் எழுதுவது என்கிறான். யாரை நம்புவது?
- ஓர் அக்கா, புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது தங்கச்சி, கேலிக்காகவே எழுதுகிறவர்கள் இணையத்தில் நிறையப்பேர். ஆனால் இந்த அமைப்பின் பெயர் கெட்டதற்கு அவர்கள் மட்டும் காரணம் இல்லை. எழுதினதை அழிக்கப் போய்த்தான் அமைப்பு தன் பெயரை இன்னும் கெடுத்துக்கொண்டது.

எல். ரொன் ஹபர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950களில் தொடங்கிய சமயம் இது. அதன் உயர்ந்த படிகளில் சொல்லும் போதனை இரகசியம், பெருந்தொகை கட்டிப் படிப்படியாக ஏறி வந்தவர்களுக்குத்தான் காட்டுவார்கள். அதில் ஒரு பகுதி 1990களில் கலிபோர்னியா வழக்கொன்றின் கோப்புக்குள் வந்துவிட்டது. யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்பதால் அமைப்பினரே நாள்தோறும் நீதிமன்றத்துக்கு வந்து அந்தக் கோப்பை வாங்கி வைத்திருந்தார்கள். காகிதமாக இருந்தவரை அது சரிவந்தது, 1995இல் இணையத்தில் பரவியபிறகு யாரிடம் போய் வாங்கி வைப்பது? போட்டவர்கள் மீது வழக்கு, வீடுகளில் சோதனை என்று இறங்க, அதுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களும் அதில் என்னதான் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். நெதர்லாந்து எழுத்தாளர் கரின் ஸ்பைங்க் மீது போட்ட வழக்கு 2005 வரை இழுபட்டு, கடைசியில் வென்றது அவர்தான்.

2008இல் ஹொலிவூட் நடிகர் ரொம் குறூஸ் இந்தச் சமயத்தைப் புகழ்ந்து பேசிய வீடியோ கசிந்தபோதும் அதே கதை. அகற்றச் சொல்லி அமைப்பு நெருக்கியது, அந்தக் கோபத்தில் 'அனொனிமஸ்' என்ற பெயரில் முகமூடி போட்ட இளைஞர்கள் பல நாடுகளில் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அமைப்பின் கணினிகளில் இருந்து வரும் திருத்தங்களை விக்கிபீடியா தடை செய்தது.

நம்பிக்கை விசித்திரமாக இருக்கிறது என்று நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் புராணங்களும் வெளியாளுக்கு அப்படித்தான் தெரியும். என்ன நம்பச் சொல்லப் போகிறோம் என்பதைக் காசு வாங்குமுன் சொல்லாமல் விடுவதுதான் பெரிய பிழை.

ஆகவே திட்டையும் புகழையும் விட்டுவிட்டு, பதிவில் உள்ளதைப் பாருங்கள். அமெரிக்கா 1993இல் இதைச் சமய அமைப்பாக ஏற்று வரிவிலக்குக் கொடுத்தது, பிரான்சில் 2009இல் மோசடிக் குற்றத்துக்குத் தண்டம் விதித்தார்கள், 2013இல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரண்டும் உண்மை.

தம்பிக்கு வட்ஸ்அப்பில் கேலி வீடியோ அனுப்பவேண்டாம். விமர்சிக்கிற உறவுகளோடு தொடர்பை அறுக்கச் சொன்னார்கள் என்று முன்னாள் உறுப்பினர்கள் கனபேர் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் அந்தப் பட்டியலில் விழுந்துவிட்டால் அவனோடு பேச வீட்டில் ஆள் இருக்காது. ஆறுதலாகக் கேளுங்கள்: இதுவரை எவ்வளவு கட்டினாய், அடுத்த படிக்கு எவ்வளவு, நடுவில் விட்டால் காசு திரும்புமா? பதிலை எழுதித் தரச் சொல்லி அவர்களிடமே அவன் கேட்கட்டும்.