வேக நியூட்ரானை எண்ணும் முன் காமாவைப் பிரியுங்கள்

கேள்வி: நான் ஆய்வு மாணவன். தானாகப் பிளந்து நியூட்ரானும் காமாவும் வெளிவிடும் கலிஃபோர்னியம்-252 மூலத்தின் முன் திரவ சின்டில்லேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் திரவம் உள்ள டிடெக்டர்) வைத்து வேக நியூட்ரான்களை அளக்கிறேன். பல்ஸ்கள் (மின் துடிப்புகள்) நிறைய வருகின்றன. எது நியூட்ரான், எது காமா என்று தெரியவில்லை. காமா மூலமான சீசியம்-137 வைத்துச் செய்த ஆற்றல் அளவீட்டை நியூட்ரானுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முதல் தடவை அளக்கிற பலரும் வழுக்குகிற இடம் இதுதான்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது திரவத்திலுள்ள ஹைட்ரஜன் மேல் மோதித் தள்ளிவிடுகிற புரோட்டானின் ஒளியைத்தான் டிடெக்டர் பார்க்கிறது. 1932-ல் ஜேம்ஸ் சாட்விக்குக்கு நியூட்ரானைக் காட்டிக்கொடுத்ததும் பாரஃபின் மெழுகிலிருந்து தெறித்த புரோட்டான்களே. காமா தள்ளுவது எலக்ட்ரானை. 1 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) புரோட்டான் தரும் ஒளி, அதே ஆற்றலுள்ள எலக்ட்ரான் தருவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. சீசியத்தில் நீங்கள் பார்க்கும் 477 கே.இ.வி. (ஆயிரம் கே.இ.வி. ஒரு எம்.இ.வி.) காம்ப்டன் விளிம்பு, அதாவது காமா ஒரு மோதலில் எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய உச்ச ஆற்றல், எலக்ட்ரான் கணக்கு. அதே உயரத்துக்கு ஒளி வர, புரோட்டானுக்கு 2 எம்.இ.வி.யை ஒட்டிய ஆற்றல் வேண்டும்.

சரி, பிரிப்பது எப்படி? பல்ஸின் வாலை, அதாவது உச்சத்துக்குப் பின் மெல்லத் தணியும் பகுதியை, பாருங்கள். புரோட்டான் தன் பாதையில் நெருக்கமாக அயனிகளை உண்டாக்குவதால், மெதுவாக வரும் ஒளியின் பங்கு கூடுகிறது; வால் தடிக்கிறது. வால் பகுதியின் மின்னூட்டத்தை மொத்தத்தால் வகுத்து, பல்ஸ் உயரத்துக்கு எதிராக வரையுங்கள். மேலே நியூட்ரான் பட்டை, கீழே காமா பட்டை. இடப்பக்கம், சின்ன பல்ஸ்கள் இருக்குமிடத்தில், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். அங்கே கோடு போட்டுப் பிரிக்க முயலாதீர்கள். பட்டைகள் தெளிவாக விலகும் இடத்துக்கு வாசலை (எண்ணிக்கையில் சேர்க்கும் மிகச் சிறிய பல்ஸ் உயரத்தை) உயர்த்துங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும், மிச்சமிருப்பதை நம்பலாம்.

ஆனால் பல்ஸ் உயரம் ஆற்றலைச் சொல்லாது. மோதும் கோணத்தைப் பொறுத்து, புரோட்டான் பூஜ்யம் முதல் முழு ஆற்றல் வரை எதையும் பெறலாம். ஆற்றல் வேண்டுமென்றால் பறக்கும் நேரத்தை அளக்க வேண்டும். 1 எம்.இ.வி. நியூட்ரான் ஒரு மீட்டர் கடக்க 72 நானோ விநாடி எடுக்கும், காமாவுக்கு 3.3 போதும். பிளவில் வரும் காமாவைப் பிடிக்க மூலத்தை ஒட்டி ஒரு சின்ன டிடெக்டர் வைத்தால், தொடக்க நேரம் கிடைத்துவிடும். டெல்லி ஐ.யு.ஏ.சி. ஆய்வு மையத்தின் நியூட்ரான் வரிசையில் 100 திரவ டிடெக்டர்கள் இலக்கிலிருந்து 1.75 மீட்டரில் நிற்கின்றன. அங்கே வாலையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம், சுவரையும் தரையையும் மறந்துவிடாதீர்கள். அங்கே பட்டுத் திரும்பும் நியூட்ரான் தாமதமாக வருவதால், குறைந்த ஆற்றல் உள்ளது போல வேஷம் போடும். மூலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவில் இரும்பும் பாலிதீனும் சேர்ந்த நீளமான கட்டையை வைத்து ஒருமுறை அளங்கள். நேர்வழி அடைபட்ட பிறகும் வருவது அறையிலிருந்து வருவது, அதைக் கழித்துவிடுங்கள்.