இடுப்பு மூட்டு மாற்றிய பின் இரவு வலி: மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பகலில் வாக்கர் பிடித்து நடக்கிறார். ராத்திரி வலியில் தூக்கமில்லை. மருந்துக்கடையில் வேறு மாத்திரை கொடுத்தார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுபவரைக் கூப்பிடலாம் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா?

பதில்: மூன்றாவது வாரத்தில் ராத்திரி வலி சகஜம்தான். பகலில் ஒரேயடியாக நடந்தால் இரவில் அது தெரியும். நடையைச் சிறு சிறு தடவையாகப் பிரித்துக்கொள்ளட்டும். டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை வலி வந்த பிறகு தேடாமல், அவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். ஒரு வேளை படுக்கும் நேரத்தில் வரட்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள்.

கடை மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 என்றிருக்கும். ஏற்கெனவே பாராசிட்டமால் சாப்பிடுபவருக்கு அதே மருந்து இரண்டாம் முறை போகிறது. அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்து இன்னும் மோசம். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சில வாரம் தருவார்கள். அதோடு இது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீரகமும் அடிவாங்கலாம். 'எல்லாருக்கும் இதுதாம்மா கொடுக்கிறோம்' என்று கடைக்காரர் சொல்வார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு கிரியாட்டினின். அம்மாவுக்கு அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா?

டாக்டரே இந்த வகை மாத்திரையை எழுதியிருந்தால் அது வேறு. ரத்தப் பரிசோதனை பார்த்து, வயிற்றுக்கு இன்னொரு மாத்திரை சேர்த்து, இத்தனை நாள் என்று கணக்குப் போட்டு எழுதியிருப்பார். அப்போது கொடுக்கலாம். அந்த நாட்களுக்கு மட்டும். ஐந்து நாள் சீட்டைக் காட்டி ஐந்து மாதம் வாங்கும் குடும்பங்களைத் தினம் பார்க்கிறேன். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உருவிவிடுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காலை மடக்கித் திருப்பினால் புது மூட்டு நழுவலாம். கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்து அதை அழுத்தினால் நுரையீரலுக்குப் போய்விடலாம். பெயரில்லாத பொட்டலத்தில் 'மூட்டுவலிப் பொடி' தந்தாலும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

கோபம் உங்கள் மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள்தான் நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பி, ஆங்கிலத்தில் நாலு பக்கம் கொடுத்துவிடுகிறோம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று தமிழில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அடுத்த செக்கப்புக்கு எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியது உட்பட.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சுரீரென்ற வலியோடு கால் குட்டையாகித் திரும்பினாலோ விடியும்வரை பொறுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108.