கட்சிகளின் பிரெக்சிட் சண்டையில் என் பிரீ-செட்டில்ட் நிலை பறிபோகுமா?

ஹாரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இலங்கையில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற அவர், 2019 செப்டம்பரில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு நால்வருக்கும் பிரீ-செட்டில்ட் நிலை கிடைத்தது; ஐரோப்பிய ஒன்றியத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்து செட்டில்ட் நிலை என்ற நிரந்தர வதிவிட உரிமையைப் பெறும் வரைக்குமான தற்காலிக உரிமை அது. நோயுற்ற தந்தையைப் பராமரிப்பதற்காக 2022 நவம்பர் நடுப்பகுதியிலிருந்து 2024 ஜனவரி நடுப்பகுதி வரை, அதாவது 14 மாதங்கள், அவர் மட்டும் பாரிஸில் தங்க நேர்ந்தது. ஒரு கட்சி நிரந்தர வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்கிறது, ஆளும் கட்சி அதற்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறது, வேறு சில கட்சிகள் ஐரோப்பிய ஒன்றியத்தை மீண்டும் நெருங்க வேண்டும் என்கின்றன. இந்தக் குழப்பத்துக்கு நடுவே அவருக்குத் தெரிந்த முகவர் ஒருவர், 14 மாதம் வெளியே இருந்ததால் ஐந்தாண்டுக் கணக்கு முறிந்துவிட்டது என்றும், தேர்தலுக்கு முன் "விசேட வழியில்" மாற்றித் தர ஆளுக்கு 450 பவுண் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறாராம். உரிமை பறிபோகுமா, முகவருக்குப் பணம் கொடுக்கலாமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

உரிமை பறிபோகாது, முகவருக்குப் பணமும் கொடுக்க வேண்டாம். செட்டில்ட் நிலைக்கான விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 65 பவுண் கட்டணத்தைக் கைவிடுவதாக 2019 ஜனவரியில் அரசே அறிவித்தது; அந்த ஆண்டு மார்ச் இறுதியிலிருந்து இன்றுவரை அது இலவசம்தான். விசேட வழி என்று ஒன்று இல்லை. உங்கள் 14 மாதக் கணக்கு பற்றி அந்த முகவர் சொன்னது பழைய விதி, அது மாறிவிட்டது.

முதலில் அரசியல். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா வெளியேறுவது (பிரெக்சிட்) பற்றி 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் வெளியேற வேண்டும் என்றும் 48.1 சதவீதத்தினர் நீடிக்க வேண்டும் என்றும் வாக்களித்தார்கள்; ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் லண்டனிலும் நீடிக்க வேண்டும் என்பதே பெரும்பான்மையாக இருந்தது. அந்தப் பிளவு ஆறாததால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த விவகாரம் மீண்டும் மேடைக்கு வருகிறது. ஆனால் இப்போது நடக்கும் சண்டையில் பெரும்பகுதி சுங்கம், ஒற்றைச் சந்தை, மீன்பிடி, இளைஞர் பரிமாற்றம் ஆகியவற்றைப் பற்றியது. இவையெல்லாம் 2020 டிசம்பரில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைச் சுற்றியே சுழல்கின்றன. அந்த ஒப்பந்தத்திலிருந்து எந்தத் தரப்பும் 12 மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். உங்கள் உரிமை நிற்பதோ வேறொரு ஆவணத்தின்மேல். பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியபோது நடைமுறைக்கு வந்த விலகல் உடன்படிக்கையின் இரண்டாம் பகுதிதான் உங்களைக் காக்கிறது. அதன் 39ஆம் பிரிவு, நிபந்தனைகளை நிறைவுசெய்யும் வரை இந்த உரிமைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்று சொல்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்து அதிலிருந்து விலகுவதற்கு அந்த உடன்படிக்கையில் வழி வைக்கப்படவில்லை.

நாடாளுமன்றம் நினைத்தால் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம்தான். 2020 செப்டம்பரில் வட அயர்லாந்து தொடர்பாக அப்படி ஒரு முயற்சி நடந்தது. அந்த மசோதா சர்வதேசச் சட்டத்தை மீறும் என்று அமைச்சர் ஒருவர் மக்களவையில் எழுந்து ஒப்புக்கொண்டார். உள்ளும் புறமும் எழுந்த எதிர்ப்பில் அந்தப் பிரிவுகள் அதே டிசம்பரில் கைவிடப்பட்டன. ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் லட்சக்கணக்கான பிரித்தானியர்கள் இதே உடன்படிக்கையின் பாதுகாப்பில் வாழ்கிறார்கள் என்பதால், உங்கள் உரிமையில் கை வைக்கும் எந்த அரசும் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்சிகள் சொல்வதையும் சரியாகக் கேட்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமையை ஒழிக்கும் திட்டத்தை 2025 செப்டம்பரில் அறிவித்த ரிஃபோர்ம் கட்சி, ஐரோப்பிய ஒன்றியத்தினரின் செட்டில்ட் நிலைக்கு அது பொருந்தாது என்று அப்போதே சொன்னது. ஒன்றியத்தினருக்கு வழங்கப்படும் அரச கொடுப்பனவுகளை நிறுத்த வேண்டும் என்பதும் அதற்காக மறுபேச்சு நடத்த வேண்டும் என்பதும் அதன் பிந்தைய கோரிக்கை. ஆகவே அந்தப் பக்கம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது கொடுப்பனவு பற்றிய பேச்சைத்தான். தொழிற்கட்சி அரசின் பத்தாண்டுத் திட்டம் வேலை விசா போன்ற வழிகளில் வந்தவர்களுக்கானது, உங்களுக்கானதல்ல. மீண்டும் ஒன்றியத்தில் சேர வேண்டும் என்போர் வென்றால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தள்ளிப்போகலாம். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

இப்போது அந்த 14 மாதங்கள். இதை விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் அநியாயமாகப் பயமுறுத்தப்படுகிறார்கள். முன்பிருந்த விதிப்படி எந்த 12 மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி முறிந்துவிடும். முக்கியமான காரணம் இருந்தால் ஒருமுறை 12 மாதம் வரை விட்டுக்கொடுப்பார்கள். உங்கள் 14 மாதம் அதையும் தாண்டியதுதான். ஆனால் 2025 ஜூலை 16 முதல், ஏற்கெனவே பிரீ-செட்டில்ட் நிலை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி திறக்கப்பட்டிருக்கிறது: விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதங்களை எண்ணி, அவற்றில் மொத்தம் 30 மாதங்கள் பிரித்தானியாவில் இருந்திருந்தால் போதும். அந்த 30 மாதங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் வந்தீர்கள் என்பதோ, எந்த 12 மாதத்தில் எத்தனை நாள் போனீர்கள் என்பதோ இந்த வழியில் கேள்வியே அல்ல.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2026 ஜூன் 1 அன்று விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், பார்க்கப்படும் காலம் 2021 ஜூன் 1 முதல் அன்றுவரை. பாரிஸில் இருந்த 14 மாதங்கள் முழுவதும் இதற்குள் விழுகின்றன. 60இல் 14 போனால் 46. ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் போயிருந்தாலும் 40க்குக் குறையாது. தேவைப்படுவது 30. இதில் முறிந்துபோனதாகச் சொல்ல எதுவுமே இல்லை. இதே கணக்கில் உண்மையாகவே தவறக்கூடியவர், கடந்த ஐந்தாண்டில் பாதிக்கு மேல் வெளியே இருந்தவர். அவர் இங்கே இருக்கும் மாதங்கள் சேரும் வரை பொறுத்திருந்து, 30 நிறைந்த பின் விண்ணப்பிப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த 30 மாதச் சலுகை பிரித்தானியக் குடியுரிமைக்குக் கிடையாது. அதற்குச் செட்டில்ட் நிலை கிடைத்துப் பொதுவாக 12 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும், முந்தைய ஐந்தாண்டில் வெளியே இருந்த நாட்கள் 450ஐத் தாண்டக்கூடாது, கடைசி ஆண்டில் 90ஐத் தாண்டக்கூடாது, அதோடு விண்ணப்பத்துக்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அதே நாளில் நீங்கள் இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் 2027 நவம்பர் நடுப்பகுதிக்கும் 2029 ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் விண்ணப்பித்தால் அந்த நாள் நீங்கள் பாரிஸில் இருந்த காலத்தில் போய் விழும். அதற்கு முன் விண்ணப்பித்தாலோ, அந்த 14 மாதங்களுடன் விடுமுறை நாட்களும் சேர்ந்து 450ஐத் தாண்டிவிடக்கூடும். இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் "அப்படியே சிட்டிசன்ஷிப்பும் போட்டுவிடலாம்" என்று 1,600 பவுணுக்கு மேல் கட்டணம் கட்ட வைக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது.

முகவர்களைப் பற்றி நான் மீண்டும் மீண்டும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் நிலைக்குக் காகித ஆவணம் எதுவும் கிடையாது. எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசாதான். அந்தக் கணக்கைத் திறக்கும்போது முகவர் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய கைப்பேசி எண்ணையும் போட்டுவிடுகிறார். மூன்று ஆண்டு கழித்து வேலை கொடுப்பவர் உங்களிடம் ஷேர் கோட், அதாவது உங்கள் நிலையைச் சரிபார்க்க அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தரும் குறியீடு, கேட்கிறார். நீங்கள் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறக்கப் பார்த்தால், ஆறு இலக்கக் குறியீடு முகவரின் கைப்பேசிக்குப் போகிறது. அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் அதற்கு ஒரு தொகை கேட்கிறார். உள்துறை அமைச்சு அனுப்பும் அறிவித்தல்களும் அவருக்கே போய்ச் சேர்வதால், உங்கள் நிலைக்கு என்ன நடந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணை அதே கணக்கில் சேர்க்க முடியாமல் விமான நிலையத்தில் தடுமாறுவதும் இதனால்தான். ஆகவே இன்றே உங்கள் நான்கு கணக்குகளையும் திறந்து பாருங்கள். மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவை அல்ல என்றால், அமைச்சின் உதவி மையத்தை நீங்களே அழைத்துக் கணக்கை மீட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

பதிவு பெறாத ஒருவர் பணத்துக்குக் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆலோசகர் பதிவு பெற்றவரா என்பதைக் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடியே தெரிந்துகொள்ளலாம். கோயிலில் தெரிந்தவர், கடைக்கார நண்பர், "சொலிசிட்டரிடம் வேலை செய்தவர்" என்பவையெல்லாம் பதிவு ஆகாது. உதவி தேவைப்பட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் இலவசமாகக் கேளுங்கள்.

இந்த முகவர்கள் பிழைப்பதற்கு வழி விட்டது உள்துறை அமைச்சுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது முறை விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை தானாகவே போய்விடும் என்று முதலில் விதி வைத்தார்கள். அது விலகல் உடன்படிக்கைக்கு முரணானது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் பிரீ-செட்டில்ட் நிலையின் காலத்தை முதலில் இரண்டு ஆண்டு, பின்னர் ஐந்து ஆண்டு என்று தாங்களாகவே நீட்டத் தொடங்கினார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருக்கும் ஒரு திட்டத்தில் இத்தனை மாற்றங்களைச் செய்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் விளங்கும்படி ஒரு கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்ப இன்றுவரை அவர்கள் முன்வரவில்லை. யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சலை அனுப்புவது மக்களுக்கு அறிவித்ததாகாது.

2025 ஜனவரி முதல் சிலருக்கு வரிப் பதிவுகளைப் பார்த்துத் தானாகவே செட்டில்ட் நிலை வழங்கப்படுகிறது. சம்பளப் பதிவு உள்ள உங்களுக்கு அது நடக்கலாம். வேலைக்குப் போகாத மனைவிக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் இடைவெளியின்றி ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் இன்றே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்குச் சேர்ந்த தேதியையும் படித்த ஆண்டுகளையும் குறிப்பிட்ட பள்ளிக் கடிதம் போதுமானது. மனைவிக்கு அவர் பெயரும் இருக்கும் கவுன்சில் வரிப் பட்டியல், மருத்துவரிடமிருந்து கடிதம், இங்கே செலவு செய்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைச் சேருங்கள். உங்களுக்கு, பாரிஸுக்குப் போவதற்கு முந்தைய மாதங்களுக்கும் திரும்பி வந்த பிந்தைய மாதங்களுக்குமான சம்பளச் சீட்டு அல்லது ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி60 படிவம் இருந்தால் 30 மாதங்கள் எளிதில் நிறைந்துவிடும். அந்த 14 மாதங்களை மறைக்க வேண்டாம், கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சான்று போதாது என்று செட்டில்ட் நிலை மறுக்கப்பட்டாலும், இங்கேயே வாழ்ந்துவரும் உங்களிடம் உள்ள பிரீ-செட்டில்ட் நிலை அதனால் இல்லாமல் போகாது. விடுபட்ட சான்றைச் சேர்த்து, மீண்டும் கட்டணமின்றியே விண்ணப்பிக்கலாம்.