சிங்கி இறால் ஓடு ஏன் சில சமயம் மெத்தென்று இருக்கிறது?

கடலூர் துறைமுகத்தில் உயிரோடு விற்கிற சிங்கி இறாலில் ஒன்றிரண்டு மெத்தென்று இருக்கிறதே, நோயா என்று பலர் கேட்கிறார்கள். நோயெல்லாம் இல்லை, பெரும்பாலும் பழைய ஓட்டை இப்போதுதான் கழற்றியிருக்கும். உடம்பு வளரும், ஓடு வளராது. வளர்கிற பையனுக்குப் போன வருஷத்துச் சட்டை மாதிரி ஒரு கட்டத்தில் இறுகிவிடும், அப்போது தலையோட்டுக்கும் வாலுக்கும் நடுவே பிளந்து, மீசை, கால் உட்பட மொத்தத்தையும் உரித்துப்போட்டு வெளியே வந்து, தண்ணீரை உள்ளே இழுத்து உப்பி, புது ஓடு கெட்டியாகும்வரை பாறை இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். சண்டை போடப் பெரிய கொடுக்கும் கிடையாதே, பாவம்! அந்தச் சமயத்தில் பிடித்ததில் எடைக்குத் தகுந்த சதை இருக்காது, நீர்தான். விற்கிற விலைக்கு ஓடு கெட்டியானதையே எடுங்கள். அப்புறம், வலையில் முழு உருவத்தோடு வெற்று ஓடு வந்தால் இறால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், உரித்துப்போட்ட ஓடாகவும் இருக்கலாம்.