துடிப்பை எண்ணுகிறது, கலோரியை ஊகிக்கிறது: கேள்வி பதில்

உடற்பயிற்சி ஆய்வகம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். முகத்தில் மூடி மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுகிறவர்களின் மூச்சை அளப்பதுதான் வேலை. இதயத் துடிப்பை வைத்துக் கலோரி கணக்கிடும் கருவிகளைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் எழுதுகிறேன். நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான். இங்கேயும் அப்படியே.

புதுவாட்ச்: அரைமணி நேரம் டிரெட்மில்லில் நடந்தேன். வாட்ச் 210 கலோரி என்கிறது, டிரெட்மில் 160 என்கிறது, போனில் உள்ள ஆப் 130 என்கிறது. என் எடை 70 கிலோ, வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். எதை நம்புவது?

ஆப்பை. சமதளத்தில் அந்த வேகத்தில் நடக்க, கிலோ ஒன்றுக்கு மணிக்குச் சுமார் மூன்றரை கலோரி ஆகும். 70 கிலோவுக்கு அரைமணியில் 120 சொச்சம். நடை, ஓட்டம் இரண்டிலும் எடையும் வேகமும் தெரிந்தால் இதயத்தைக் கேட்காமலே நல்ல கணக்குப் போடலாம். ஓட்டத்துக்கு இன்னும் எளிது: ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி.

வாட்ச் ஏன் தடுமாறுகிறது? உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 5 கலோரி எரிந்திருக்கும். இது உறுதியான கணக்கு. எங்கள் ஆய்வகத்தில் மூச்சை அளந்ததும் இதற்காகத்தான். ஆக்சிஜன் செலவு மூன்று விஷயங்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம், அந்த ரத்தத்திலிருந்து உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் எவ்வளவு. 1870-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் சொன்னது. இந்த மூன்றில் வாட்சுக்குத் தெரிவது முதலாவது மட்டும். மற்ற இரண்டையும் வயது, எடை, பாலினத்தை வைத்து ஊகிக்கிறது. ஊகம் பல பேருக்குப் பக்கத்தில் போய் விழும், சில பேருக்கு எங்கேயோ போய் விழும்.

கணக்குப்பிள்ளை: அந்த ஊகத்துக்கு ஏதாவது சூத்திரம் உண்டா? நானே போட்டுப் பார்க்க வேண்டும்.

உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் 2005-இல் வெளியான ஓர் ஆய்வின் சூத்திரத்தைப் பல இணையக் கணிப்பான்கள் பயன்படுத்துகின்றன. ஆண்களுக்கு:

(0.6309 × துடிப்பு + 0.1988 × எடை + 0.2017 × வயது − 55.0969) ÷ 4.184 = நிமிடத்துக்குக் கலோரி.

35 வயது, 70 கிலோ, துடிப்பு 140 என்று போடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 13, அரைமணிக்கு 389 வரும். துடிப்பை மட்டும் 150 ஆக்கினால் அரைமணிக்கு 434. பத்துத் துடிப்பு கூடியதற்கு 45 கலோரி. வெயிலில் அரைமணி ஓடினாலே, வேகம் கூடாமல் துடிப்பு மட்டும் பத்து ஏறிவிடும். சருமத்துக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் குறைகிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. ஆக்சிஜன் செலவு பெரிதாக மாறியிருக்காது. வாட்ச் மட்டும் 45-ஐ வரவு வைத்துக்கொள்ளும்.

இப்போது துடிப்பை 90 என்று போடுங்கள். நிமிடத்துக்கு 5.4 வருகிறதா? நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ ஆள் எரிப்பது நிமிடத்துக்கு 1.2 கூட இல்லை. காபி குடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருப்பவரின் துடிப்பு 90-ஐ எளிதாகத் தொடும். உட்கார்ந்த இடத்திலேயே நாலரை மடங்கு! நான் ஒருமுறை கடைசி ஓவர் வரை இழுத்த கிரிக்கெட் ஆட்டத்தைச் சோபாவில் படுத்துப் பார்த்தேன். என் பழைய வாட்ச் அதை உடற்பயிற்சி என்று பதிவு செய்து பாராட்டும் தெரிவித்தது.

சூத்திரத்தின் குற்றமில்லை இது. வழக்கமாக உடற்பயிற்சி செய்கிற, 18 முதல் 45 வயதுக்காரர்களை டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் சீராக ஓட வைத்து எடுத்த சூத்திரம். துடிப்பும் ஆக்சிஜனும் நேர்கோட்டில் போவது அந்த மாதிரி மிதமான, தொடர்ச்சியான வேலையில்தான். கீழே, ஓய்வுக்குப் பக்கத்தில், கோடு உடைந்துவிடும்.

தேவி: என் வாட்ச் கெட்டுப்போனதால் கணவருடையதைக் கட்டிக்கொண்டு ஓடினேன். என் வாட்சில் வருவதைவிட நூறு கலோரி கூட வந்தது. அவர் வாட்ச் உயர்ந்த ரகமா?

ரகம் காரணமில்லை, அதற்குள் இருக்கும் விவரம்தான் காரணம். நீங்கள் ஓடினீர்கள், அவர் பெயரில் கணக்கு எழுதப்பட்டது. பெண்களுக்கான சூத்திரம் வேறு:

(0.4472 × துடிப்பு − 0.1263 × எடை + 0.074 × வயது − 20.4022) ÷ 4.184.

35 வயது, 60 கிலோ, துடிப்பு 140 என்றால் அரைமணிக்கு 267. அதே வயது, எடை, துடிப்பை ஆண்கள் சூத்திரத்தில் போட்டால் 374. பெண்களின் இதயம் சராசரியாகச் சற்றுச் சிறியது, ஹீமோகுளோபினும் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு துடிப்பில் போய்ச் சேரும் ஆக்சிஜனும் குறைவு. வாட்சுக்குள் இருக்கும் விவரத்தை வைத்துத்தான் கணக்கு என்பதால், ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்தவர்களும் வாட்சில் பழைய எடையை மாற்ற மறக்க வேண்டாம்.

இரும்புத்தம்பி: அண்ணா, ஜிம்மில் ஒரு மணி நேரம் எடை தூக்கினால் வாட்ச் 500, 550 காட்டுகிறது. ஸ்குவாட் செய்யும்போது துடிப்பு 160 போகிறது. ஓட்டத்துக்குச் சமமா?

இல்லை தம்பி. வாட்ச் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கித் தசையை முறுக்குகிறீர்கள். ரத்த அழுத்தம் எகிறுகிறது, நரம்பு மண்டலம் இதயத்தை விரட்டுகிறது. ஓட்டத்தில் 160 என்றால் ரத்தத்தின் பெரும்பகுதி காலுக்கு ஆக்சிஜன் சுமந்து போகிறது. ஸ்குவாட்டில் 160 என்றால் அதில் ஒரு பங்கு அழுத்தத்துக்குக் கொடுத்த பதில், அவ்வளவுதான். அப்புறம் செட் முடிந்து இரண்டு நிமிடம் உட்காருகிறீர்கள். தசை சும்மா இருக்கிறது, துடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது. அந்த இரண்டு நிமிடத்தையும் வாட்ச் உழைப்பு என்றே எழுதும்.

இன்னொரு தொல்லை: கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் ரத்த ஓட்டம் மாறுகிறது. அந்த நேரத்தில் வாட்சுக்குத் துடிப்பே சரியாகத் தெரியாது. எடைப் பயிற்சியில் கலோரியைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. போன மாதம் எத்தனை கிலோ தூக்கினீர்கள், இந்த மாதம் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள்.

கையால் மட்டும் செய்யும் பயிற்சிக்கும் இதே கதைதான். அதே ஆக்சிஜன் செலவுக்கு, கால் வேலையைவிடக் கை வேலையில் துடிப்பு கூடுதலாக அடிக்கும்.

ஓட்டக்காரி: நெஞ்சுப் பட்டை வாங்கினால் கலோரி துல்லியமாகிவிடுமா?

துடிப்பு துல்லியமாகும். கலோரி கொஞ்சம் மேம்படும், அவ்வளவுதான்.

நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்சைகையையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. வாட்ச் செய்வது வேறு. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது, ரத்தம் அதை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை எண்ணுகிறது. வாட்சின் பட்டை தளர்ந்திருந்தால், கை குளிர்ந்திருந்தால், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் எண்ணிக்கை பிசகும். ஓடும்போது கை ஆடும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. மெதுவாக ஓடியும் துடிப்பு 170-இல் ஆணி அடித்தாற்போல் நின்றால், உங்கள் காலடியை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 170 அடி இருக்கும்!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பில் ஏழில் ஆறு, 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். துடிப்பைச் சரியாக எண்ணியும் கருவிகள் கலோரியைக் கோட்டை விட்டன என்றால், ஓட்டை சென்சாரில் இல்லை, அதற்கு அடுத்த கட்டத்தில்.

மாத்திரைப்பெட்டி: ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன். வேகமாக நடந்தாலும் துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை, கலோரியும் குறைவாகவே வருகிறது.

அந்த மருந்தின் வேலையே துடிப்பை அடக்குவதுதான் ஐயா. உங்கள் விஷயத்தில் துடிப்பை வைத்துக் கலோரி கணக்கிடவே கூடாது. வேகம், எடை, தூரம் போதும். வாட்ச் காட்டும் இலக்கை எட்ட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். எவ்வளவு கடினமாக உழைக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது நல்ல அளவுகோல்.

மூன்றுமாதம்: அதே பாதை, அதே வேகம். மூன்று மாதம் முன்பு 380 கலோரி காட்டியது இப்போது 310. உடம்பு குறைவாக எரிக்கிறதா? மனசே விட்டுப்போகிறது.

இதற்குப் போய் மனசு விடலாமா? துடிப்பு குறைந்திருக்கும், பாருங்கள். உங்கள் இதயம் இப்போது ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும். வேலை அதேதான், எடை அதிகம் மாறவில்லை என்றால் கலோரியும் ஏறக்குறைய அதேதான். வாட்ச் துடிப்பை மட்டும் பார்ப்பதால் செலவு குறைந்தது என்கிறது. சில வாட்ச்கள் விஓ2 மேக்ஸ் என்று உடல்திறன் மதிப்பு ஒன்றையும் கணித்து இதைச் சரிக்கட்டப் பார்க்கும். உங்களுடையதில் இல்லைபோல.

70 கலோரி குறைந்த செய்தி, உண்மையில் உங்கள் மூன்று மாத உழைப்பின் ரசீது.

220: அதிகபட்சத் துடிப்பு 220-இல் வயதைக் கழித்தது என்கிறார்களே, அது கலோரிக் கணக்கைப் பாதிக்குமா?

பாதிக்கும். பல கருவிகள் உங்கள் துடிப்பை அதிகபட்சத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் உழைப்பை அளக்கின்றன. அந்தச் சூத்திரம் சராசரிக்குத்தான் பொருந்தும். தனி மனிதரில் 10, 12 துடிப்பு இப்படியோ அப்படியோ இருப்பது சாதாரணம். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001-ஆம் ஆண்டுச் சூத்திரம் வயதானவர்களுக்குக் கொஞ்சம் மேல், அதுவும் சராசரிதான். உங்கள் உண்மையான அதிகபட்சம் தெரிந்திருந்தால் அமைப்பில் கையால் போடுங்கள். அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று நாற்பது வயதுக்கு மேல் தனியாக முழு மூச்சில் ஓடிப் பார்க்க வேண்டாம்.

சைக்கிள்ராஜா: என் சைக்கிளில் பவர் மீட்டர் இருக்கிறது. அது காட்டும் கலோரியும் துடிப்புக் கலோரியும் ஒத்துப்போவதில்லை.

பவர் மீட்டரை நம்புங்கள், பெடலில் நீங்கள் செய்யும் வேலையை அது நேரடியாக அளக்கிறது. இதில் ஓர் அழகான தற்செயல் உண்டு. ஒரு மணி நேரம் சராசரி 150 வாட் மிதித்தால் பெடலில் செய்த வேலை 540 கிலோஜூல். ஒரு கலோரி 4.184 கிலோஜூல், ஆகவே பெடலில் 129 கலோரிதான். ஆனால் உடல் செலவழித்த சக்தியில் நான்கில் ஒரு பங்கோ, ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகும், மீதி வெப்பம். இங்கே நாலால் வகுத்து அங்கே நாலால் பெருக்கினால் இரண்டும் அடிபட்டுப்போகும். கிலோஜூல் எண்ணே கிட்டத்தட்ட கலோரி எண். நீங்கள் எரித்தது 515-லிருந்து 645-க்குள். ஊகம் இதிலும் உண்டு, ஆனால் குறுகிய ஊகம்.

குளத்துமீன்: நீச்சலுக்கு?

மிகவும் மோசம். நீருக்குள் துடிப்பே கொஞ்சம் இறங்கிவிடும், மணிக்கட்டுச் சென்சாருக்கு நீர் குறுக்கே வரும், நெஞ்சுப் பட்டையின் புளூடூத் நீரில் சில அங்குலம்கூடப் போகாது. எத்தனை நீளம் நீந்தினீர்கள் என்று எண்ணுங்கள்.

பசித்தவன்: வாட்ச் 45 நிமிடத்துக்கு 400 என்றால், 400 கலோரி கூடுதலாகச் சாப்பிடலாமா?

முதலில் ஒரு கழித்தல். பெரும்பாலான கருவிகள் நீங்கள் சும்மா இருந்தாலும் எரிந்திருக்கும் கலோரியையும் சேர்த்தே காட்டும். 70 கிலோவுக்கு 45 நிமிடத்தில் அது 50 சொச்சம். மீதி 350. அதில் கால் பங்கு பிழை என்று வையுங்கள். நான் பாதிக்கு மேல் நம்பமாட்டேன். எடை குறைப்பதுதான் நோக்கமென்றால், மூன்று நான்கு வாரம் ஒரே மாதிரிச் சாப்பிட்டு, வாரச் சராசரி எடையைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. எடை எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து உண்மையான பற்றாக்குறையைத் தோராயமாகப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இடக்கை: கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம் சார். வாட்சை எந்தக் கையில் கட்டுவது?

அதிகம் ஆட்டாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கமாக. முடிந்ததும் தளர்த்திவிட்டு வியர்வையைத் துடையுங்கள், இல்லாவிட்டால் தோல் அரிக்கும்.